திருவிழா மலரில் நீ இல்லை

ஏட்டி,

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது திருவிழா மலர் ஒன்றை என் கையில் திணித்தார்கள். அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை. நடுப்பக்கத்தில் ‘பெருந்தொற்றிலும் அணையாத விசுவாசம்’ என்று மலையாளத்தில் பெரிதாகப் போட்டிருந்தது. கீழே, பீடத்துக்கு எதிரே வைத்த கேமராவின் படம். பக்கத்தில் பங்குக் கமிட்டித் தலைவர் கைகட்டிச் சிரிக்கிறார். கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். உன் பெயர் எங்கும் இல்லை. பஸ் கிழக்கேகோட்டை வந்து சேரும்வரை மறுபடி மறுபடி அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம்.

நாம் இரண்டு பேரும் குமரிக் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்தவர்கள். ஒரே ஜவுளிக்கடையில் சேலை மடித்தோம். ஞாயிறு மாலைத் தமிழ்ப் பூசையில் நீ பாட்டெடுப்பாய், நான் கூடப் பாடுவேன். கொத்தனார்களும் ஓட்டல்காரர்களும் வாரம் முழுக்க மலையாளத்தில் ஏவல் கேட்டுவிட்டு, அந்த ஒரு வேளைதான் சொந்தப் பாஷையில் வாய்திறந்து ஜெபிப்பார்கள்.

ஊரடங்கில் கோயிலைச் சாத்தினார்கள். மலையாளப் பூசை மட்டும் நேரலையாக வந்தது. நீ உன் கரமனை வீட்டு ஒற்றை அறையில் உட்கார்ந்து சாயங்காலந்தோறும் நம் ஆட்களைப் போனில் இணைத்தாய். பலரிடம் இருந்தது பட்டன் போன். ஒரு நேரத்தில் சிலர்தான் சேர முடியும் என்பதால், ஒரு கூட்டத்தோடு ஜெபமாலை முடித்துவிட்டு அடுத்த கூட்டத்தோடு மறுபடி தொடங்குவாய். தொண்டை கட்டும், வெந்நீர் குடித்துவிட்டு மேலே சொல்வாய். வேலையிடத்துத் தகரக் கொட்டகையில் அடைந்துகிடந்த ஒரு கொத்தனார் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும்போதே விம்மினார். நீ விடவில்லை. “அழுதுக்கிட்டே சொல்லும்வே. மாதா காது கேக்காதவ இல்ல.”

கோயில் திறந்தபோதும் தமிழ்ப் பூசை திரும்பவில்லை. கேட்கப் போனோம். கமிட்டித் தலைவர் முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: “ஆள்கூட்டம் வேண்டாம் சேச்சி. வேலைக்காரங்க கேம்பிலேருந்து வரவங்கதான் ரோகம் கொண்டு வராங்க. ஆன்லைன்ல குர்பானை உண்டல்லோ, அது கண்டா மதி.” ஆன்லைனில் பூசை இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதுமாம்.

“பசிச்சவனுக்குச் சோத்துப் படத்தக் காட்டினா வயிறு நெறையுமா சாரே?” என்று கேட்டாய்.

பங்குச் சாமியாரும் அங்கேதான் நின்றார். தரையைப் பார்த்தார். அந்த மௌனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இனி இந்தப் படி மிதிக்க மாட்டேன் என்றேன். “கோவத்தோட வா ஏட்டி. ஆனா வா. இது அவன் அப்பன் வீடில்ல” என்றாய். அடுத்த ஞாயிறே கேட்டுக்கு வெளியே, தள்ளித் தள்ளி நின்று, நம் ஆட்களோடு ஜெபிக்கத் தொடங்கினாய்.

இரண்டாம் அலையில் உனக்கு வந்தது. “சாமியார வரச்சொல்லு. சாகுமுன்ன எண்ணெ பூசணும்” என்று மருத்துவமனையிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய். அவரை அழைத்தேன். உள்ளே விடமாட்டார்கள், இங்கிருந்தே ஜெபிக்கிறேன் என்றார். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. அதே வாரம், அதே மருத்துவமனைக்கு, கமிட்டித் தலைவரின் தாயாருக்கு எண்ணெய் பூசக் கவச உடை மாட்டிக்கொண்டு போனாராம். உன் வார்டு நர்ஸ்தான் சொன்னாள். அந்த அம்மாவுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. உனக்கு ஏன் கிடைக்கவில்லை?

சொன்ன நர்ஸுக்கே பொறுக்கவில்லை. தன் போனை உன் காதில் வைத்துப் பிடித்தாள். இந்தப் பக்கம் நானும் கொத்தனார்களும் ஜெபமாலை சொன்னோம். நடுவே அவள் கத்தினாள்: “சேச்சி, சுண்டு அனங்குன்னுண்டு! உதடு, உதடு அசையுது!”

மறுநாள் நீ இல்லை.

கொரோனா என்று எரித்துத் தந்த உன் சாம்பலைக் கல்லறையில் வைத்தபோது சாமியார் மலையாளத்தில் அவசரமாகப் படித்து முடித்துவிட்டுத் திரும்பினார். நாங்கள் நகரவில்லை. தமிழில் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னோம். வழியை அடைத்து நின்றதால் அவர் கடைசிவரை நின்றுதான் தீரவேண்டியிருந்தது.

தமிழ்ப் பூசை திரும்ப வந்துவிட்டது. யாரும் மனமிரங்கித் தரவில்லை. மழையிலும் கேட்டுக்கு வெளியே நின்றோம். அந்தச் சாமியார் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முதல் ஞாயிறே எங்களைப் பார்த்துவிட்டு, “ஏன் வெளியே நிக்கிறீங்க?” என்று கேட்டுக் கேட்டைத் திறந்தார். அவ்வளவு எளிதாக இருந்தது அது. அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

இப்போதெல்லாம் நான் போன் செய்வதில்லை. நம் ஆட்களில் யார் படுத்தாலும் நேரே சாமியார் வீட்டுக்குப் போய் நிற்கிறேன். போன வாரம் புரோட்டா மாஸ்டர் அந்தோணிக்கு நெஞ்சுவலி. புதிய சாமியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “கொஞ்சம் உக்காருங்கம்மா” என்றார்.

“நீங்க கை கழுவுங்க ஃபாதர். நான் நிக்கேன்.”

எச்சில் கையோடு என்னை ஒரு முறை பார்த்தார். எழுந்து கழுவிவிட்டு, எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்தார். ஆட்டோவில் சிமிழை மடியில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, தெரியும். ஆனாலும் என் கோபம் தணியவில்லை. அந்தோணியின் நெற்றியில் அவர் எண்ணெய் பூசியபோது, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி ஆமென் சொன்னேன்.