தூசிக்குப் பின்னால்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாயாடி மகள் வணக்கத்துடன் எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். இதை அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

"நட்சத்திரம் எண்ணவா அவ்வளவு தூரம் போறே?" என்று கிளம்பும்போது கோபமாகக் கேட்டீர்கள். அதையேதான் செய்கிறேன், அப்பா. நம் பால்வீதிக்கு வெளியே போய் நின்று அதன் வடிவத்தைப் பார்க்க முடியாதே! அதனால் தோப்புக்குள் நின்றபடியே எந்தப் பக்கம் எத்தனை மரம் என்று எண்ணி, தோப்பு எதுவரை போகிறது என்று கணக்குப் போடுகிற மாதிரியான வேலை இது.

போன வாரம் ஒரு கூத்து. நாங்கள் எடுத்த வானத்துப் படத்தின் ஒரு மூலையில் நட்சத்திரமே இல்லை. பால்வீதி அந்தப் பக்கம் முடிந்துவிடுகிறது என்று எல்லார் முன்னாலும் அடித்துச் சொல்லிவிட்டேன். பேராசிரியர் சிரித்துவிட்டார். "நட்சத்திரம் இருக்கும்மா, நடுவுல தூசி மறைக்குது" என்றார். தூசியைத் தாண்டிப் பார்க்கிற கேமராவில் பார்த்தால், அந்த மூலை முழுக்க நட்சத்திரம்! மானம் போயிற்று, நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

அறையில் குளிர் கொஞ்சம் அதிகம். உங்கள் கோடு போட்ட சட்டை ஒன்றை அனுப்புங்கள். புதுசு வேண்டாம், நீங்கள் போட்டுப் பழசானதுதான் வேண்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். "அப்பா வெளியே போயிருக்கார்" என்று அம்மா போனில் சொல்லும்போதெல்லாம், பின்னால் நீங்கள் இருமுவது கேட்கிறது. மருந்து சாப்பிடுங்கள். அடுத்த தடவை போனை வாங்கி, திட்டவாவது திட்டுங்கள்.

உங்கள்
வாயாடி