கண்ணாடிக்குள் ஒரு வெள்ளைக் குடை

மார்ச் 4

ஆபீசில் ஆட்குறைப்பில் அனுப்பியபின் கிடைத்த போட்டோ ஸ்டுடியோ வேலை. இதுவரை திரை மாட்டுவதும் ஸ்டூல் துடைப்பதும்தான். இன்று முதலாளி (என்னைவிடச் சின்னவள்) சொன்னாள்: “அக்கா, கண்ணாடி போட்ட ஒருத்தரை ஒரே லைட்ல, கண்ணாடியில வெளிச்சம் அடிக்காம எடுத்துக் காட்டுங்க. வந்தா இனி ஆளுங்களைப் படம் எடுக்கிற வேலையெல்லாம் உங்களுக்கு. வரலேன்னா நான் வேற ஆள்தான் பாக்கணும்.”

பழைய ஃபிளாஷும், அதன் வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைக் குடையும் கொடுத்தனுப்பினாள். வீட்டில் கண்ணாடி போட்டவர் என் கணவர் ஒருவர்தான். அவரோடு பேச்சில்லை. வேலை போனதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். மறுநாளே தன் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

மார்ச் 6

கேட்டேன். “ம்” என்றார். உட்கார்ந்தார். படத்தில் பார்த்தால், கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொரு வெள்ளைக் குடை.

மார்ச் 7

லைட்டை நகர்த்தினால் ஒரு கண்ணில் குடை. மேலே ஏற்றினால் கண்ணே இருட்டு. முதுகு விட்டுப்போயிற்று. இந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா?

மார்ச் 9

குறுக்கு வழிதான். ஃபிரேமிலிருந்து லென்ஸைக் கழற்றிவிட்டேன். அவர் வெறும் ஃபிரேமை மாட்டிக்கொண்டார். படம் சுத்தம். லேசாகச் சிரிப்பது போலக்கூட இருந்தார்.

மார்ச் 10

மானம் போயிற்று. முதலாளி படத்தைப் பெரிதாக்கினாள். “பவர் கண்ணாடின்னா அதுக்குள்ள கன்னத்தோட ஓரம் விலகித் தெரியும். இது நேரா இருக்கு. லென்ஸ் எங்கக்கா?”

கழற்றியதை ஒப்புக்கொண்டேன்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. முகம் என்னவோ நல்லாத்தான் இருக்கு.”

மார்ச் 12

லைட்டைக் கொஞ்சம் ஏற்றி, பக்கவாட்டில் தள்ளி, அவருடைய கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் துளி தூக்கி வைத்தேன். லென்ஸ் கீழே சாய்ந்தது. குடை காணாமல் போயிற்று. ஆனால் முகம்? கல்.

“அன்னைக்குச் சிரிச்சீங்களே?”

“அன்னைக்கு எனக்குக் கண்ணு தெரியல. இன்னைக்கு உன் மூஞ்சி தெரியுது.”

பொங்கிவிட்டது எனக்கு. “ஏன் இப்படி இருக்குன்னு தெரியாதா? ஊரெல்லாம் சொல்லி—”

“ஊரா? எங்க அக்காகிட்டச் சொன்னேன். எனக்கும் பயமாத்தானே இருந்துச்சு. நான் யார்கிட்டச் சொல்றது?”

பயமா? இவருக்கா? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே. அதையும் கேட்டேன். அவரும் விடவில்லை. கை அது பாட்டுக்கு கேமரா பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது.

மார்ச் 14

முதலாளி படங்களை வெகுநேரம் பார்த்தாள். வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“முகத்துல உயிர் இருக்கு. பேசிக்கிட்டே எடுத்தீங்களாக்கா?”

“சண்டை போட்டுக்கிட்டே எடுத்தேன்.”

திங்கள் முதல் ஆள் படம் என் பொறுப்பு. அலுப்பில் உடம்பு கெஞ்சுகிறது. படுக்கலாமென்றால், சமையலறையிலிருந்து அவர் இன்னும் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.