எஸ்டிமேட்டில் இல்லாத கோளாறு

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் மனைவியும், நீங்கள் திரும்பி வரும்வரை மட்டும் மாஸ்டருமான நான் எழுதுவது. வண்டி நலம். இதை முதலிலேயே எழுதாவிட்டால் மீதியைப் படிக்காமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள் என்று தெரியும். வண்டி நலம், நானும் நலம், ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறார்கள். உங்கள் கணுக்கால் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் ஒரு "ம்" சொல்கிறீர்கள், இன்னொரு "ம்" சொல்கிறீர்கள், அப்புறம் அண்ணி கையில் கொடுத்துவிடுகிறீர்கள். நானும் அவரும் துணி காய்ந்ததா, தண்ணீர் வந்ததா என்று பேசிவிட்டு வைக்கிறோம். கடிதத்தை அப்படிப் பாதியில் கைமாற்ற முடியாது பாருங்கள்.

நீங்கள் சொல்லியனுப்பியதை அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்தக் கிழட்டு வண்டிக்கு இனிமே ஒரு காசு செலவழிக்க வேணாம், வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்லுங்க, வாசல் பலகையையும் கழட்டிடச் சொல்லுங்க" என்றீர்களாம். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வண்டி. அது போனால் பயிற்சிப் பள்ளியும் போயிற்று. பள்ளி போனால் நீங்கள் அண்ணன் வீட்டு அறையிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள். எனக்குப் பயம் அதுதான், வண்டி இல்லை.

ஆனாலும் நீங்கள் அப்படிச் சொன்னதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. உங்கள் இருக்கையில் நான் உட்கார்ந்ததிலிருந்து வண்டி வண்டியாகவே இல்லை. பலகையில் இரண்டு பெயர் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று அந்தக் காலத்தில் என்னையும் பயிற்றுநர் பரீட்சை எழுத வைத்தீர்கள். அது இப்படிக் கைகொடுக்கும் என்று யார் கண்டது! கைகொடுத்தது சரி, வண்டிதான் காலை வாரியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முனகியது, நகர மாட்டேன் என்றது. பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. வகுப்பு முடிந்து இறங்கினால் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை. பின்னால் வருகிறவர்கள் காரணமில்லாமல் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, "பிரேக் லைட் அணையவே மாட்டேங்குது, என்னன்னு பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டிக்கு வந்தது போதாதென்று எனக்கும் வலது கெண்டைக்காலில் ஒரே வலி. வயதாகிறது என்று நினைத்துக் கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். வாங்கியது யாரிடம் தெரியுமா? ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து உங்களைப் படுக்கப் போட்ட அதே புண்ணியவதி, மருந்துக்கடை அம்மாவிடம்தான். காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். உங்களைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

கடைசியில் வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோனேன். கண்ணாடி அறை, ஏசி, இலவசக் காபி. இலவசக் காபி கொடுக்கிற இடத்தில் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளணும் என்பீர்கள். நான் பிடித்துக்கொண்டுதான் குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

அங்கே டை கட்டிய சர்வீஸ் அட்வைசர் ஒருவர். கிலோமீட்டரைப் பார்த்ததும் முகத்தைத் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி வைத்துக்கொண்டார். "ரெண்டு லட்சத்தைத் தாண்டிடுச்சு மேடம், இனிமே ரிஸ்க் எடுக்கக் கூடாது" என்றார். மறுநாள் எஸ்டிமேட் வந்தது. பிரேக் பேட், டிஸ்க், பிரேக் ஆயில், பிரேக் லைட் ஸ்விட்ச், வீல் பேரிங், கிளட்ச் செட், டைமிங் பெல்ட், இன்ஜெக்டர் க்ளீனிங், இன்ஜின் ஃப்ளஷ், ஏசிக்கு ஏதோ வாசனை மருந்து. தொகையைப் பார்த்துக் கண்ணைக் கட்டியது. அந்தப் பணத்துக்கு இதே வயதில் இன்னொரு கிழட்டு வண்டியை வாங்கிப் பக்கத்தில் நிறுத்தலாம். நீங்கள் சொன்னபடி விற்றுவிட வேண்டியதுதானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. விற்பதற்கு முன்னால் ஒன்றொன்றையும் கண்ணால் பார்த்துவிடுவோம் என்றுதான் மறுபடி போனேன்.

ஓட்டிக் காட்டச் சொன்னேன். அவர் ஓட்டினார். வாடிக்கையாளர் என்பதால் என்னை மரியாதையாகப் பின் இருக்கையில் உட்கார வைத்தார். வண்டி பறந்தது! முனகல் இல்லை, இழுவை இல்லை, புதுப்பெண் மாதிரி நழுவிக்கொண்டு போகிறது. அவருக்கே குழப்பம். "இப்ப ஒண்ணும் தெரியல மேடம். ஆனா இந்த மாதிரி கோளாறு விட்டுவிட்டுத்தான் வரும். அதான் மொத்தமா மாத்திடுங்கன்னு சொல்றேன்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வராத கோளாறுக்கு மருந்தா? எங்கே இழுக்கும் என்று நான் காட்டுகிறேன் என்று சொல்லி, வண்டியை நிறுத்தச் செய்து, முன்னால் வந்து என் இடத்தில், அதாவது உங்கள் இடத்தில், உட்கார்ந்தேன்.

அடுத்த திருப்பத்திலேயே முனகியது. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "இதோ, இதோ, கேக்குதா மேடம்?" என்றார். எனக்கும் கேட்டது. கெண்டைக்காலிலும் சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மிதிப்பதற்கென்று நம் பக்கம் இருக்கிறதே இரண்டாவது பிரேக், அதன்மேல் என் வலது கால் சொந்த வீட்டுத் திண்டில் சாய்ந்த மாதிரி சாய்ந்திருந்தது.

காலை எடுத்தேன். வண்டி துள்ளிக்கொண்டு போயிற்று. வைத்தேன், முனகியது. மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தேன். அவர் பாவம், "சரியாயிடுச்சு மேடம்... இல்ல, வந்துடுச்சு... போயிடுச்சு..." என்று நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டே ஓட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லிக் காலைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு டையைத் தளர்த்திக்கொண்டு அவரும் சிரித்தார் பாருங்கள், அப்போதுதான் அவர் மனுஷராகத் தெரிந்தார்.

சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். யார் ஸ்டியரிங்கைப் பிடித்தாலும் என் கண்ணுக்குத் தெரிந்தது, நீங்கள் பழக்கிவிடும் முற்றத்தின் அந்தக் கிடங்குச் சுவர்தான். மருந்துக்கடை அம்மா பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததும், நீங்கள் நம் பக்கத்துப் பிரேக்கை மிதித்தபடியே போய் மோதியதும், உங்கள் கணுக்கால் முறிந்ததும், ஆஸ்பத்திரியில் "என் கால் லேட்டாயிடுச்சு, என் கால் லேட்டாயிடுச்சு" என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னதும்தான். என் கால் லேட்டாகிவிடக் கூடாது என்று அது முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொண்டது போல. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு எஸ்டிமேட்டுக்கு வந்தோம். மந்தம், பெட்ரோல் செலவு, கருகல், அணையாத விளக்கு எல்லாம் ஒரே ஒரு காலின் வேலை. ஸ்விட்சும் இன்ஜெக்டரும் பட்டியலிலிருந்து அங்கேயே அடிபட்டுப் போயின. கிளட்ச்சுக்கு உங்கள் சோதனையைச் செய்து காட்டினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டேன். இன்ஜின் பட்டென்று அணைந்தது. அணைந்தால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம், வழுக்கினால்தான் மாற்ற வேண்டும் என்றேன். "ஆமா மேடம், இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று ஒத்துக்கொண்டார். வீல் பேரிங்கைச் சக்கரம் தூக்கிச் சுற்றிப் பார்த்தோம். சத்தமே இல்லை. மீதிக்கு வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டேன். வண்டி செய்தவன் கேட்கிறானா, உங்கள் கடை கேட்கிறதா என்று ஒன்றொன்றுக்கும் கேட்டேன். இன்ஜின் ஃப்ளஷும் வாசனை மருந்தும் கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர், அந்த ஒருவருக்கு மேலே மாத விற்பனைக் கணக்கு.

டைமிங் பெல்ட் மட்டும் கையேட்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டிய கிலோமீட்டரை நாம் தாண்டியே வந்துவிட்டோம். அறுந்தால் இன்ஜினைக் காவு வாங்கிவிடும். அதுவும் கற்றுக்குட்டி ஒருவர் நடுரோட்டில் போகும்போது அறுந்தால்? அதற்கு மறுபேச்சில்லாமல் சரி என்றேன். பிரேக் பேடும் டிஸ்க்கும் நிஜமாகவே என் தயவில் தீய்ந்திருந்தன. பிரேக் ஆயிலும் கறுத்துப்போயிருந்தது. அதற்கும் சரி. நம் வசதிக்குள்ளேயே முடிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்று இரண்டு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

இதுவரை எழுதிவிட்டுத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நல்லதாயிற்று. இன்று நடந்ததையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

காலையில் மருந்துக்கடை அம்மா வாசலில் வந்து நின்றார். "மறுபடி கத்துக்கலாமான்னு கேக்க வாய் வரல. நீங்க வேணாம்னா போயிடறேன்" என்றார். என் கண் தானாக வலது காலுக்குப் போயிற்று. ஆனாலும் ஏறச் சொன்னேன். அவரே அந்தக் கிடங்கு முற்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். அங்கே பயந்தது அங்கேயே போனால்தான் போகுமாம்.

மாஸ்டர், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த முற்றத்துக்கு மேலே கூரை இருக்கிறதல்லவா, மழை படுவதில்லை. உங்கள் டயர் தேய்ந்த கோடுகள் சிமென்ட்டில் இன்னும் இருக்கின்றன, மங்கலாக. அந்த அம்மாதான் இறங்கிப்போய்க் காட்டினார். அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்த இரண்டாவது தூண் கிட்டேயே தொடங்கி, ஒரு லாரி நீளத்துக்குப் போய், சுவரில் முடிகின்றன. "சார் அப்பவே மிதிச்சுட்டாரு. வண்டி அலறுனது எனக்கு ஞாபகம் இருக்கு. நான்தான் பதட்டத்துல ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுக்கவே இல்ல. சார் மிதிக்கலேன்னா நான் இன்னிக்கு இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து அழுதார். உங்கள் கால் லேட்டாகவில்லை. கோடு அங்கே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இத்தனை நாள் உங்களை ஏமாற்றியது உங்கள் ஞாபகம்தான்.

பிறகு அவரை ஓட்டச் சொன்னேன். பிரேக்கை விட்டுத் தள்ளி, தரை விரிப்பின்மேல் என் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். வேண்டுமென்றால் எட்டும் தூரம்தான், ஆனால் வைக்கவில்லை. சுவர் கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது. என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன. அவர் தானாகவே பிரேக்கை மிதித்தார். வண்டி பதவிசாக நின்றது.

இப்போது கணுக்கால் விஷயம். மாவுக்கட்டைப் பிரித்தாயிற்றாம். எலும்பு கூடிவிட்டது, ஊன்றி நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நீங்கள் மட்டும் அதைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களாம். அண்ணன் பயப்படுகிறார். நான் பயப்படவில்லை. ஒரு காலுக்குப் பயம் வந்தால் அது எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். நான் என் காலை எடுத்துவிட்டேன், நீங்கள் உங்கள் காலை ஊன்றுங்கள். முதலில் படுக்கையிலிருந்து கதவு வரை போதும்.

பலகையைக் கழட்டவில்லை, துடைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறேன். அண்ணியிடம் உங்கள் துணிகளை மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஓட்டப்போவது நான். என் உயரத்துக்காக முன்னால் இழுத்து வைத்திருந்த பக்கத்து இருக்கையை, இன்று வகுப்பு முடிந்ததும் உங்கள் உயரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். இனி அங்கே உட்கார்ந்தால் என் கால் அந்தப் பிரேக்குக்கு எட்டாது. திங்கட்கிழமை வகுப்புக்கு ஆள் வருகிறார்கள். எட்டுகிற கால் உள்ளவர் யாராவது வந்து உட்கார்ந்தாக வேண்டும்.

உங்கள் காலும் மனதும் திடமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு,

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி