பதிப்பு ஐந்தில் உடைந்தவை

என் பிரியத்துக்குரிய மதினிக்கு,

நீங்கள் போன பிறகு உங்கள் கணினியை அண்ணன் யாரையும் தொடவிடவில்லை. ஆடி மாதம் நானே திறந்தேன், அவனைக் கேட்காமல். கோபத்தில்தான் திறந்தேன். என்னை வைவீர்களா?

உங்களுக்கு எழுதுவதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரில் திதியையும் நல்ல நேரத்தையும் தாள்தோறும் சேர்க்கும் ஒரு கணினி நிரலை நீங்கள் எழுதினீர்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தீர்கள். ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் முதல் பக்கத்தில், அதற்கு மாறினால் எதெல்லாம் உடையும், அதாவது முன்போல் வேலை செய்யாது என்பதைத்தான் எழுதுவீர்கள். முன்பு எப்படி, இனி எப்படி, அச்சகத்தார் என்ன செய்ய வேண்டும்.

உங்களோடு அதைப் பராமரித்த குமரேசன் அண்ணாச்சி அதற்கு ஒப்பாரிப் பக்கம் என்று பேர் வைத்திருந்தார். புது வண்டி எடுக்கிற அன்னிக்கு யாராவது ஆக்சிடெண்ட் பத்திப் பேசுவாகளா என்று நம் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். “பிரேக் எங்கன இருக்குன்னு சொல்லுதேன். அது ஒப்பாரின்னா இருந்துட்டுப் போகட்டும்.”

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனதும் பதிப்பு ஐந்தை அவர் வெளியிட்டார். உங்கள் பக்கம் அதில் இல்லை. பயமில்லாமல் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. ஆனால் அவர் ஒன்றை மாற்றியிருந்தார். நீங்கள் நாளைச் சூரிய உதயத்தில் தொடங்கினீர்கள். அவர் நள்ளிரவில் தொடங்கினார். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் திதி மாறும் நாள்களில் மட்டும் தாள் தப்பாக வரும். மற்ற நாளெல்லாம் சரியாக இருக்கும். யார் கண்ணில் படும்?

ஆடிப் பதினெட்டுக்கு மாதிரி காலண்டர் வெளியிடும் அவசரத்தில் ஓர் அச்சகம் அதை ஏற்றியது. அடுத்த ஆண்டுத் தை அமாவாசை மறுநாள் தாளுக்குப் போய்விட்டது. அதை நம்பியிருந்தால், உங்களுக்கே அண்ணன் ஒரு நாள் தள்ளித்தான் எள்ளும் தண்ணீரும் விட்டிருப்பான்.

அந்த அச்சகத்தார் தப்பைக் கண்டு கேட்டதற்கு, குமரேசன் அண்ணாச்சி நிரல் இருக்கும் இடத்திலேயே பொதுவில் பதில் எழுதினார்: பழைய நிரலிலேயே இருந்த பிழை, எழுதியவர் உயிரோடு இல்லை, கேட்க வழியில்லை. அதைப் படித்துவிட்டு அச்சக முதலாளி வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அண்ணனிடம் மெதுவாகத்தான் சொன்னார். “ஒங்க வீட்டம்மா வேலையில இப்படி ஒரு ஓட்டை இருக்கும்னு நெனைக்கலையே தம்பி.” அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். போனவளுக்கு இனி என்ன பேரு, விடு என்று பிறகு என்னிடம் சொன்னான். நான் விடவில்லை.

யார் எந்த வரியை மாற்றினார் என்பது நிரலின் வரலாற்றில் எல்லோரும் பார்க்கும்படியே இருந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் கணினியில் இருந்த பழைய பக்கங்களைப் படித்துப் படித்து, பதிப்பு ஐந்துக்கு நான் ஒரு பக்கம் எழுதினேன். முன்பு எப்படி, இனி எப்படி, என்ன செய்ய வேண்டும். நான்காவதாக ஒன்று சேர்த்தேன்: மாற்றியவர் யார். சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பொதுவில் அனுப்பினேன். அவர் மறுத்தார். அந்த மறுப்பையும் எல்லோரும் பார்த்தார்கள். அச்சகத்தார் ஒவ்வொருவராக அதன் கீழே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விகளை நான் எவ்வளவு ருசித்துப் படித்தேன் தெரியுமா?

பிறகு போன் செய்தார்.

“பக்கத்தைப் போட்டுருதேன், தங்கச்சி. பேரை மட்டும் எடுத்துருங்க.”

“எடுக்கலாம் அண்ணாச்சி. ஏன் எடுத்தோம்னு அதையும் அங்கனயே எழுதணும். சம்மதமா?”

வைத்துவிட்டார். ஆனால் அவரே சேர்த்து, இப்போது அந்தப் பக்கம் பதிப்பு ஐந்தில் முதலில் நிற்கிறது, அவர் பெயரோடு.

நீங்கள் எழுதிய எந்தப் பக்கத்திலும் ஆள் பெயர் கிடையாது. மாற்றத்தைச் சொன்னால் போதும், மாற்றியவரை எதற்கு என்பீர்கள். உங்களுக்கு அந்தப் பெருந்தன்மை இருந்தது. எனக்கு இல்லை. வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

பதிப்பு ஆறு வரும். வருகிற அன்றே வரிவரியாகப் படிப்பேன், உடைவதையெல்லாம் எழுதுவேன். அவர் மறுத்துப் பேச ஒரு சொல்கூடத் தப்பாக எழுத மாட்டேன். அவர் நிம்மதியாக ஒரு பதிப்பு வெளியிடக் கூடாது மதினி. இது சத்தியம்.

உங்களுக்காக ஊரோடு சண்டைக்கு நிற்கும்
உங்கள் நாத்தனார்,
தேவி