மருந்து மிஷினைக் கழுவிய வாய்க்கால்

ஏரிக்கரைத் தெரு, ஆம்பூர் பக்கம்,
தை மாதம், புதன்கிழமை.

அன்புள்ள பில்கிஸ் அக்காவுக்கு மோகனா எழுதுவது.

இங்கே நான், என் வீட்டுக்காரர் பூவரசன், ஏரி மூவரும் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும், மகள் உமைமாவும், உங்கள் முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உங்கள் குரலைக் கேட்டதும் எனக்குக் கேலிதான் வாயில் வருகிறது, சொல்ல வேண்டியது வருவதில்லை. ஆறு மாதம் அப்படியே ஓடிவிட்டது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தையல் மட்டும் என்ன நேராகவா இருக்கும்?

முதலில் நல்ல சேதி. ஏரிக்குத் தவளைகள் திரும்பிவிட்டன. சாயங்காலமானால் கத்தல் தாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் தையல் ஷெட்டில் நீங்கள் விடும் குறட்டை நின்றதிலிருந்து தெரு வெறிச்சென்று கிடந்தது. அந்தக் குறையை அவை தீர்த்துவிட்டன. மதகு பக்கம் விரல் நீளத்துக்குக் கெண்டைக் குஞ்சுகள் ஓடுகின்றன. கொக்கும் வந்து நிற்கிறது.

இனி, வேறு யார் வாயிலாவது நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்ல வேண்டியது. ஆடி மாதம் ஏரி மீன் செத்து மிதந்ததே, அதை உங்கள் ஷெட் வாசலில் கூடை கூடையாகக் கொட்டினார்களே, அதற்கு முந்தின நாள் காலையில் எங்கள் மல்லித் தோட்டத்துக்கு மருந்து அடித்தோம். மொட்டுப்புழு ஜாஸ்தி என்று, கடைக்காரர் சொன்னதைவிட இரண்டு மடங்கு கலந்தார் என் வீட்டுக்காரர். மிச்ச மருந்தோடு மிஷினைத் தூக்கிப் போய், ஏரிக்குப் போகிற வாய்க்காலில் கவிழ்த்துக் கழுவினது நான். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. கழுவி முடிப்பதற்குள், என் கால் விரலைக் கடித்துக்கொண்டிருந்த குஞ்சு மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மல்லாந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் பக்கத்தில் தண்ணீர் கெட்டால், தோல் பதனிடுகிற கழிவுதான் என்று முதலில் தோல்காரர்களைத்தான் கைகாட்டுவார்கள். தோல் கிளவுஸ் தைக்கிற உங்கள் ஷெட்டில் குடிக்கிற பானையைத் தவிர வேறு தண்ணீரே கிடையாது என்று, அங்கே தைத்த எங்கள் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் ஊரே கத்தியபோது நான் பின்னால் நின்றேன். வாய் திறக்கவில்லை. ஷெட்டைப் பூட்டிவிட்டு நீங்கள் கிளம்பிய அன்று சாவியை என் கையில் வைத்து, "ஊர்ல நீ ஒருத்திதான்டி என்னை ஒரு வார்த்தை சொல்லல" என்றீர்கள். நான் ஏன் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறதா அக்கா? நீங்கள் அழுதீர்கள். நான் உங்கள் ஓட்டைக் குடையைக் கேலி பண்ணி, சிரிக்கவைத்து, பஸ் ஏற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிராமசபை நடந்தது. ஏரிக்கரையில் இனித் தோல் வேலையே கூடாது என்று சூரியபிரகாஷ் தீர்மானம் எழுதி வந்திருந்தார். அவரும் மல்லித் தோட்டக்காரர்தான். அன்று உங்கள் வாசலில் எல்லோரையும்விட ஜாஸ்தி கத்தினவர். கையெழுத்துக்கு நோட்டு என்னிடம் வந்தது. பேனா ஓடவில்லை. எழுந்து, "மீன சாவடிச்சது நாந்தான்" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "இன்னா மோகனா, மீன்கிட்டயும் கேலி பண்ணியே கொன்னுட்டியா?" என்றது ஒரு குரல். நான் சொல்லச் சொல்ல இன்னும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் வாயாடினதற்குப் பலன். கடைசியில் சபையில் பேசியே அறியாத என் வீட்டுக்காரர் எழுந்தார். "அவ சொல்றது நெசம். மருந்து கலக்கிக் குடுத்தது நானு" என்றார். சிரிப்பு நின்றது. பின்வரிசையில் ஒருத்தர், "நாங்களும் அங்கதானே கழுவுறோம்" என்றார். சூரியபிரகாஷ் தீர்மானத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆடியிலிருந்தே நான் மிஷினை வாய்க்காலுக்குக் கொண்டுபோவதில்லை. மருந்தை அளவாகக் கலக்க வைக்கிறேன், கழுவின தண்ணீரையும் செடிக்கே அடித்துவிடுகிறேன். இனி எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அதே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மறந்து யாராவது மிஷினோடு இறங்கினால், வாய்க்காலுக்கு எதிரில் என் வீடு இருக்கிறது, என் வாயும் இருக்கிறது. நேற்று சூரியபிரகாஷ் என்னை வழியில் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்தம்மா எப்ப வர்றாங்க?" என்றார். "நீங்களே போன் பண்ணிக் கேளுங்க" என்று நம்பரைக் கொடுத்திருக்கிறேன். எடுத்துப் பேசுங்கள். கொஞ்சம் திணறவிட்டுப் பேசுங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் ஷெட்டைத் திறந்து பெருக்கி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விடுகிறேன். சாவியை இந்த உறையில் வைத்து ஒட்டினேன். பிறகு கிழித்து எடுத்துவிட்டேன். அது என் இடுப்பிலேயே இருக்கட்டும், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். என்னைத் திட்டுவதைப் போனிலேயே முடித்துவிடாதீர்கள் அக்கா. அந்த வாசலில், ஊர் முன்னால் நின்று திட்டுங்கள். ஒரு கேலியும் பண்ணாமல் கேட்டுக்கொள்கிறேன்.

பஸ் படி ஏறுகிற தெம்பை அல்லா உங்கள் முழங்காலுக்குச் சீக்கிரம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வலதுபக்கத் தையல் மிஷின்,
மோகனா