முழங்கால்காரனை விட்டுவிட்டு

ரத்தோட்டை,
04.03.2025.

அன்பின் மர்சூக்,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் மார்ஜரியும் சுகம். நீயும் ஸக்கியா தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நோன்பு பிடித்திருப்பாய். இந்த வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்.

நான் பேனா பிடித்துக் கடிதம் எழுதிப் பல வருடம் இருக்கும். தபால் கந்தோரில் முத்திரை கேட்டபோது அங்கே இருந்த பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. எல்லாம் உன்னால்தான். நம் செட்டின் வட்ஸ்அப் குழுவை விட்டுப் போய்விட்டாய். கோல் எடுத்தால் மணி அடிக்காமலே நின்றுபோகிறது. சசிக்குமாருக்கும் அதே கதை. பலீல் உன் கடைக்கே வந்தானாம். நீ மகனைக் கல்லாவில் இருத்திவிட்டுப் பின்பக்கம் போனவன் திரும்பி வரவே இல்லையாம். புதுமாப்பிள்ளை மாதிரி இந்த வயதில் என்ன கோபம்?

பள்ளிக்கூடம் விட்ட காலத்திலிருந்து வருடம் தவறாமல் ஒன்றாக மலை ஏறியவர்கள் நாம். விஜேந்திரன் போனதோடு ஐந்து பேர் நான்கு பேரானோம். அவன் போன துக்கமே இன்னும் ஆறவில்லை. நீயும் இப்படி முகத்தைத் திருப்பினால் எப்படி? நாங்கள் உனக்கு என்ன செய்துவிட்டோம் என்று ஒரு வரி எழுது. மார்ஜரியும் தினம் கேட்கிறாள்.

என்றும் உன்,
லோரன்ஸ்.


மாத்தளை,
09.03.2025.

லோரன்ஸ்,

நாங்கள் சுகம்.

என்ன செய்துவிட்டோம் என்று கேட்டிருக்கிறாய். அப்படிக் கேட்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

தை மாதம் நீதானே கோல் எடுத்தாய். "மச்சான், மேல மண் சரிஞ்சு பாதைய மூடிட்டாங்களாம். இந்த வருஷம் பயணம் இல்ல. விஜேந்திரனோட சாம்பல பொறகு ஒருநாள் கொண்டு போவோம்" என்றாய். நானும் நம்பினேன். உன் வாயிலிருந்து வருவதைச் சந்தேகப்பட்டு எனக்குப் பழக்கமில்லை.

போன மாதக் கடைசியில் ஒரு வேலையாகப் பலாபத்வலைக்குப் போனேன். வழியில் விஜேந்திரனின் மனைவி யோகராணி எதிர்ப்பட்டாள். சுகம் விசாரிக்கும் முன்பே அவள் கேட்டாள்: "மர்சூக் நானா, அன்னிக்கு நீங்க மட்டும் ஏன் வரல்ல? ஒங்களுக்குக் காய்ச்சல்னு லோரன்ஸ் அண்ணன் சொன்னாங்க. இப்ப எப்பிடி இருக்கு?" போனில் படத்தையும் காட்டினாள். கொம்பனியா மலை உச்சியில் நீங்கள் மூன்று பேரும் நிற்கிறீர்கள். உன் கையில் அவனுடைய சாம்பல் முடிச்சு. எல்லோர் முகத்திலும் நல்ல வெளிச்சம்.

எனக்கு வராத காய்ச்சல் குறைந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். கணவனைப் பறிகொடுத்தவளிடம் உன் பொய்யைக் காப்பாற்றப் பொய் சொன்னேன். த்ரீவீலில் ஏறிய பிறகு கண் நிறைந்துவிட்டது. ஓட்டி வந்த பையன், "அங்கிள், தண்ணி வேணுமா?" என்று கேட்டான்.

அவனுடைய பாடையில் ஒரு பக்கம் என் தோளிலும்தான் இருந்தது. "சாம்பல்ல ஒரு பிடி எங்க செட்டோட கையால கொம்பனியா மேல போடணும்" என்று அவன் யோகராணியிடம் சொல்லி வைத்தானே, அந்தச் செட்டில் நான் இல்லையா?

மர்சூக்.


ரத்தோட்டை,
16.03.2025.

அன்பின் மச்சான்,

உன் கடிதத்தை மார்ஜரிக்குக் காட்டவில்லை. அவள் என்னை வீட்டில் இருக்க விடமாட்டாள்.

சொன்னது பொய்தான். ஆனால் ஏன் சொன்னோம் என்று நீயும் நியாயமாக யோசிக்க வேண்டும். கடைசி இரண்டு பயணமும் உன் முழங்காலால் எப்படிப் போயின? ஒரு ஏற்றம் வந்தால் போதும், "கால் வலிக்குது, கொஞ்சம் உக்காருவோம்" என்று கல்லைத் தேடுவாய். மெதுவாக நடப்பவன் முன்னால் போக வேண்டும் என்பது நம் வழக்கம். அதனால் நாங்களும் உன் பின்னால் ஊர்ந்தோம். போன வருடம் உச்சி கண்ணுக்குத் தெரிந்த பிறகு உன் காலுக்காகத் திரும்பினோம். பனிமூட்டத்தில் வழி தவறி, அட்டைக்கு இரத்தம் கொடுத்து, வீடு வந்து சேர்ந்ததை மறந்திருக்க மாட்டாய்.

அப்போதும் விஜேந்திரன் உன்னை விட்டு நகரவில்லை. நீ உட்கார்ந்தால் அவனும் பக்கத்தில் உட்காருவான். பாவம், கடைசியாக ஒருமுறை அந்த உச்சியில் நிற்காமலே போய்விட்டான். அது உன் காலால்தான் என்று சசிக்குமார் சொன்னான். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை அவன் சாம்பலையும் பாதி வழியில் திருப்பிக் கொண்டுவர எங்களுக்கு மனமில்லை. முகத்துக்கு நேரே "வராதே" என்று சொன்னால் உடைந்துபோவாய் என்று ஒரு சாட்டுச் சொன்னோம். எல்லாம் உன் நன்மைக்குத்தான்.

பெருநாள் முடியட்டும். வேன் ஒன்று பிடித்து ரிவர்ஸ்டனுக்குப் போவோம். வாகனம் மேலே வரை போகும், நீ இறங்கி நடக்கவே தேவையில்லை. மார்ஜரி மீன் கட்லட் பொரித்துத் தருவாள். நோன்பு நாளில் மனதில் கோபத்தை வைத்திருக்கக் கூடாது என்று நீதானே எங்களுக்குச் சொல்வாய்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
லோரன்ஸ்.


மாத்தளை,
03.04.2025.

லோரன்ஸ்,

நோன்பை நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். பெருநாள் முடியும் வரை பேனாவைத் தொடாமல் இருந்தேன். நோன்போடு எழுதியிருந்தால் வாயில் வரக்கூடாதது வந்திருக்கும்.

என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. ஒருநாளும் இருந்ததில்லை. நேற்று வந்த சீனி மூட்டைகளைக் கடையின் மேல்மாடிக்கு ஏற்றியது நான்தான். வேண்டுமானால் வந்து பார்.

நோய் விஜேந்திரனுக்கு. நெஞ்சில். இரண்டு வருடத்துக்கு முன்பே கண்டியில் டொக்டர் அவனை எச்சரித்துவிட்டார். வீட்டிலும் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்னான். "அப்ப மலைக்கு வராதடா" என்று கெஞ்சினேன். "அந்த ஒரு பயணத்துக்காகத்தான்டா வருஷம் முழுக்க வேல செய்றேன்" என்றான். நான் தோற்றுப்போனேன். அவனை ஏறவிட்டது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதை அல்லாஹ் என்னிடம் கேட்கட்டும். நீ கேட்காதே.

மூச்சு முட்டினால் பின்னாலிருந்து என் சட்டையை இழுப்பான். உடனே நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். நீங்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பீர்கள். சசிக்குமார் நொண்டி என்பான், பலீல் கிழவன் என்பான், நீ ஊன்றுகோல் வாங்கித் தருவதாகச் சொல்வாய். அந்தச் சிரிப்பில் அவன் மூச்சிரைப்பை ஒருவரும் பார்க்கவில்லை. போன வருடம் உச்சிக்குக் கீழே திரும்பினோமே, அப்போது அவன் உதடு நீலமாகியிருந்தது. நான் "ஐயோ, கால்" என்று கத்தினேன். அவனுக்கு உச்சியை இல்லாமல் செய்தது என் கால் என்று சசிக்குமார் சொன்னானாம். அதை நீ எனக்கு எழுதியும் அனுப்புகிறாய்.

இதை யாரிடமும் சொல்வதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதையும் உன்னால் இன்று மீறினேன். மற்ற இருவருக்கும் காட்டுவதென்றால் காட்டு. யோகராணிக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவள் தாங்க மாட்டாள்.

முடியாது என்று நினைத்திருந்தால், "நீ கீழ வேன்ல இருடா, நாங்க போட்டுட்டு வாறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முழங்கால்காரனாகவே இருந்திருப்பேன். மலையடிவாரத்தில் நின்று அவனுக்காக ஒரு நிமிடம் கண்ணை மூடியிருப்பேன். அது போதும் எனக்கு. ரிவர்ஸ்டனுக்கு நீங்கள் மூவரும் போய் வாருங்கள்.

ஏன் உங்களிடம் மறைக்கிறான் என்று ஒருமுறை அவனோடு சண்டை பிடித்தேன். "தெரிஞ்சா என்னைய விட்டுட்டுப் போயிருவானுங்கடா" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம பயலுங்கள அப்பிடி நெனைக்காத. முடியலன்னா தூக்கிட்டாவது போவானுங்க" என்றேன். இரண்டு நாள் நான் அவனோடு பேசாமல் இருந்தேன்.

உங்களுக்காகத்தான் அவனோடு பேசாமல் இருந்தேன், லோரன்ஸ். "நீ சொன்னதுதான்டா சரி" என்று இப்போது அவனிடம் போய்ச் சொல்லவும் எனக்கு வழியில்லை.

மர்சூக்.