மரக்குளிசையும் பின் அறையும்

சிவமயம்

ருவைஸ்
21.08.1998, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கஜந்திக்கும் மருமகன் உமாபதிக்கும் பேத்தி சின்னவளுக்கும் அப்பா எழுதுகிறேன். கையும் காலும் சொன்னபடி கேட்கிற அளவுக்கு நான் இங்கே சுகம். நீங்கள் மூவரும் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நல்லூர்க் கந்தனிடம் சொல்லிவிட்டுத்தான் தினமும் டியூட்டி பஸ்ஸில் ஏறுகிறேன். உன் பங்குனிக் கடிதமும் ஆடிக் கடிதமும் இதோ கட்டிலில் என் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாய். குளிருக்கு அடுப்பில் எரிக்கிற மரக்குளிசையை இப்போதே வாங்கிவிடவா, பொறுத்து வாங்கவா என்று. இடையில் நானும் இரண்டு கடிதம் போட்டேன், இங்கத்தைய வெக்கையைப் பற்றி எழுதினேன், சின்னவளுக்குக் காது குத்தச் சொல்லி எழுதினேன், அந்தக் கேள்விக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் நீ ரெலிபோனில் கேட்டபோது லைன் சரியில்லை பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

இன்றைக்கு லீவு. வெளியே நெருப்பு, கடற்காற்றில் ஈரமும் சேர்ந்து சட்டை முதுகில் ஒட்டுகிறது. குழாயில் வருகிற தண்ணீர் கொதிக்கிறபடியால் குளிக்கிற தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்து ஏசி அறைக்குள் ஆற வைக்கிறோம். இந்த அரபு ஊரில் இருந்துகொண்டு வீட்டைச் சூடாக்க என்ன வாங்குவது, எப்போது வாங்குவது என்று யோசிக்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நீ பங்குனிக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய ஐந்து குளிசையையும் அறையில் எல்லோருக்கும் காட்டினேன். உனக்குத்தான் தெரியுமே, என்னோடு அறையில் இருக்கிற சோலையப்பன் தேவகோட்டைப் பக்கத்து ஆள், எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பான். மகள் அண்ணனுக்குக் கோழித்தீன் அனுப்பியிருக்கிறாள், இனி மெஸ்ஸில் காசு கட்ட வேண்டாம் என்று சொல்லிச் சிரித்தான். மரத்தூளை இறுக்கிச் செய்தது, டென்மார்க்கில் இதை அடுப்புக்குப் போட்டுத்தான் வீடு முழுவதும் சூடாக்குகிறார்கள், அந்த ஊர்ப் பாஷையிலும் இதற்கு மருந்து மாதிரிக் குளிசை என்றுதான் பெயராம் என்று சொன்னேன். பிறகு அவனும் ஒன்றை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, பலகை அறுக்கிற இடத்து வாசம் அடிக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்தான். ஒன்றைத் தேத்தண்ணிக் கிளாசில் தண்ணீர் ஊற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிகரெட் முடிகிற நேரத்துக்குள் ஊதி, உதிர்ந்து, வெறும் தூளாகிவிட்டது. ஸ்டோர்கீப்பர் புத்தி, சாமானைக் கண்டால் அது எதில் பழுதாகும் என்றுதான் முதலில் பார்க்கும். எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது, இது குளிருக்கான சாமான் என்றாலும் இதன் எதிரி ஈரம்.

இங்கே ஸ்டோரில் நான் இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற வேலையும் இதுதானே. சீமெந்து மூடையைத் தரையில் வைக்கக் கூடாது, பலகை போட்டு அதன் மேல் அடுக்க வேண்டும், சுவரில் முட்டக் கூடாது, முதல் வந்தது முதல் போக வேண்டும். வெல்டிங் கம்பிக்கு ஈரம் பிடித்தால் பத்துப் பேருடைய ஒரு நாள் வேலை பாழ், அதற்கென்றே ஒரு சின்ன அவணில் இரவும் பகலும் சூட்டில் வைத்திருக்கிறேன். இவ்வளவு வெக்கைக்குள்ளும் ஒரு சூட்டுப் பெட்டியைக் காத்துக்கொண்டிருக்கிற பிழைப்பு. எந்தச் சாமானை எப்போது ஓடர் போட வேண்டும் என்று எஞ்சினியர்மாரே என்னிடம் வந்து கேட்பார்கள். ஆனந்தராசா சொன்னால் கலாஸ், அதற்கு மேல் பேச்சில்லை என்று பழைய அரபி மனேஜர் சொல்வார். அப்படிப்பட்டவன் பெற்ற பிள்ளை கேட்ட கேள்விக்கு ஐந்து மாதமாகப் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

நீ எழுதியதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கோடை விலை செப்டெம்பர் பதினைந்தோடு முடிகிறது, அதற்குள் சொன்னால் லொறி வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து இறக்கும், பிந்தினால் வரிசையில் நிற்க வேண்டும் என்கிறாய். போன தை மாதம் கைவசம் இருந்தது முடிந்து, லொறி வராமல், ஒன்பது நாள் சின்னவளை ஜக்கெட்டோடு படுக்க வைத்து, பிறகு நெஞ்சுச்சளி என்று ஆஸ்பத்திரியில் கிடத்தினீர்கள். அதற்குப் பிறகும் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள். உமாபதி தம்பியும் அதைத்தான் சொல்லியிருப்பார், அவர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் நீ யோசிப்பது விலையை அல்ல என்று எனக்குத் தெரியும். வீட்டுப் பின்பக்கம் இறக்கிய பத்தியின் கூரை ஒழுகுகிறது, போன முறை அதில் வைத்த மூடைகளில் அடியில் கிடந்தவை எல்லாம் ஊதி வெடித்தன, வீட்டுக்காரன் கூரையைத் திருத்தித் தருவதாக இல்லை என்று பங்குனியில் எழுதினாய். ஆடியில் வீட்டின் படம் கீறி அனுப்பினாய். குசினி, கூடம், நீங்கள் படுக்கிற அறை, அதற்குப் பின்னால் ஓர் அறை. அந்தப் பின் அறைக்கு மட்டும் ஒரு பெயரும் எழுதவில்லை, கட்டில் ஒன்றைக் கீறி விட்டிருக்கிறாய். நூற்றைம்பது மூடையை நனையாமல் வைக்க அந்த வீட்டில் அது ஒன்றுதான் இடம். சண்டைக்குள் அகப்பட்டு நிற்கிற அம்மாவின் டென்மார்க் விசாத்தாள் ஒக்ரோபர் முடியுமட்டும் செல்லும். அதற்குள் அம்மா வந்துவிட்டால் அறை வேண்டும், வராவிட்டால் மூடைக்கு இடம் உண்டு, ஆனால் அதுவரை பொறுத்தால் விலையும் லொறியும் போய்விடும். எப்போது வாங்குவது என்று நீ கேட்டது அம்மா வருவாவா என்றுதான், பிள்ளை. நேரே கேட்க உனக்கு வாய் வரவில்லை, நேரே சொல்ல எனக்கும் வரவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை, அம்மாவும் சொல்லியிருக்க மாட்டா. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆவணியில் இதே கட்டிலில் இருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீ அப்போது டென்மார்க் போய் மூன்று வருடம். மாரி வரப் போகிறது, பிந்தினால் விறகு விலை ஏறும், ஈர விறகைத்தான் தலையில் கட்டுவார்கள், இப்போதே ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்கி வையும் என்று பெரிய கெட்டித்தனமாக எழுதினேன். அம்மா அப்படியே செய்தா. பூவரசும் பனைமட்டையும் வாங்கி, கொத்துவித்து, காய வைத்து, தாழ்வாரம் முழுக்க அடுக்கி, மேலே தகரமும் போட்டுவிட்டு, நீங்கள் சொன்னபடி எல்லாம் முடிந்தது என்று எழுதினா. அடுத்த மாதம் உன் சின்ன மாமா குடும்பத்தோடு கிளாலிக் கடலால் கொழும்புக்கு வெளிக்கிட்டபோது அக்காவையும் வரச் சொல்லிக் கேட்டாராம். ஊரை விட்டு வெளிக்கிட வேண்டிய அனுமதிப் பாஸும் எடுத்து வைத்திருந்தாராம். இவ்வளவு விறகையும் அடுக்கிப்போட்டு எப்படி வாறது, மாரி முடியத் தையில் வாறேன் என்று அம்மா சொல்லிவிட்டா. ஐப்பசி கடைசியில் ஆமி வருகிறது என்று ஊரே ஒரு ரோட்டால் நடந்தது உனக்குத் தெரியும். அந்த மழைக்குள் ஒரு பையும் ஒரு குடையுமாக அம்மாவும் நடந்தா. காய்ந்த விறகு காய்ந்தபடியே தாழ்வாரத்தில் கிடந்தது. அதை யார் எரித்தார்களோ, எரித்துச் சோறு சமைத்திருந்தால் அவர்களாவது நன்றாக இருக்கட்டும். சாவகச்சேரி, கிளிநொச்சி, அக்கராயன், இப்போது ஸ்கந்தபுரம் என்று அவ இடம் மாறுகிற ஒவ்வொரு தடவையும் என்னுடைய அந்தக் கடிதம்தான் எனக்கு நினைவுக்கு வரும். நேரத்தோடு வாங்கு என்று சொன்ன வாய் இது. அதனால்தான் உன் கேள்வியைக் கண்டதும் கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் ஓடர் போடத் தெரிந்தவனுக்குத் தன் வீட்டு விறகுக்கு நாள் குறிக்கத் தெரியவில்லை.

இனி இதையும் மறைத்து ஒன்றும் ஆகப் போவதில்லை. இந்த மாதம் முதல் வாரம் அம்மாவின் கடிதம் வந்தது. ஆனியில் எழுதி, ஒரு கன்னியாஸ்திரியிடம் கொடுத்துக் கொழும்பில் தபாலில் போட்டது. சித்திரையில் நான் அவவுக்கு எழுதும்போது உன் மரக்குளிசையைப் பற்றிய புதினத்தையும் எழுதி, ஒன்றைத் தாளில் வைத்துச் சுற்றிவரக் கீறியும் அனுப்பியிருந்தேன். குளிசையையே வைத்து அனுப்ப ஆசைதான், ஆமிச் சென்றியில் கடிதம் பிரிப்பவன் இது என்ன என்று கேட்டு முழுக் கடிதத்தையும் எறிந்துவிடுவான் என்று வைக்கவில்லை. வைகாசியில் அம்மா இரண்டாம் முறையும் கொழும்புக்குப் போக வவுனியாவுக்கு வெளிக்கிட்டிருக்கிறா. போன முறை பாஸ் இல்லை. இந்த முறை பாஸ் இருந்தது, பாதை இல்லை. ரோட்டில் சண்டை, காட்டுப் பாதையால் சைக்கிள் கரியரில் இருந்து போய், பாதியில் ஷெல் விழ, திரும்பி நடந்திருக்கிறா. சீனி வருத்தக் காலில் முள்ளுக் குத்திப் புண்ணாகி, ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். இப்போது கிணற்றடிக்குப் போய் வருகிறாவாம், அவ்வளவுதான் நடை. சீனிக்குப் போடுகிற மருந்து ஒரு கிழமை இருந்தால் இரண்டு கிழமை இல்லை. உனக்கு ஒன்றும் எழுத வேண்டாம், பிள்ளை அழுது பால் வற்றிப்போகும் என்று எழுதியிருக்கிறா. சின்னவள் பால் மறந்து இரண்டு வருடம் என்பது அவவுக்கு மறந்துவிட்டது போல. அவ எழுதியதில் ஒரு பகுதியை மட்டும் அப்படியே எழுதுகிறேன், இது உனக்குத்தான்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் கீறி அனுப்பின அந்தக் குளிசை நல்ல சாமான் போலத்தான் கிடக்கு. கஜந்தியை நேரத்தோட வாங்கச் சொல்லுங்கோ. இனி என்னாலை ஏலாது. நான் வருவன் எண்டு அந்தப் பிள்ளை ஒரு அறையைப் பூட்டி வைச்சிருக்கிறாளாம் எண்டு முந்தி ஒருக்கா எழுதியிருந்தியள். அந்த அறையிலையே அடுக்கச் சொல்லுங்கோ. என்னைப்போலை அவளும் விறகை ஒரு இடத்திலையும் மனுசரை ஒரு இடத்திலையும் விட்டிட்டு நிக்கக் கூடாது."

இதைப் படித்த அன்று நான் டியூட்டிக்குப் போகவில்லை. சோலையப்பன் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அம்மாவை மறுபடி ஒரு முறை முயன்று பார்க்கச் சொல்லி எழுதவா என்று பல நாள் யோசித்தேன். நான் எழுதினால் அவ அந்தக் காலோடு மறுபடியும் வெளிக்கிடுவா, நான் சொன்னால் செய்கிறவ. அதனால் எழுதவில்லை. அம்மா வந்த பிறகு நானும் கணக்கை முடித்துக்கொண்டு வந்து அந்த அறையில் இருக்கிறேன் என்று முன்பு உனக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா, அதையும் விட்டுவிடு. அவ தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே ஈரத்தில் படுத்திருக்க நான் உன் வீட்டில் சூட்டில் படுக்க மாட்டேன். எனக்கு ருவைஸ் போதும், இங்கே குளிர் என்று ஒன்று இல்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே லொறிக்குச் சொல்லிவிடு. நூற்றைம்பது மூடை போதும். கட்டிலை உமாபதி தம்பியைக் கழற்றச் சொல்லு, பலகைகளை எறிய வேண்டாம், தரையில் பரப்பி அதன் மேல் அடுக்கலாம். சுவரில் இருந்து ஒரு சாண் விட்டு அடுக்கு. பிளாஸ்டிக் கிழிந்த மூடையை முதலில் எரி. அந்த அறைக்குச் சூடு விடத் தேவையில்லை, கதவைச் சாத்தி, கீழ் இடைவெளியில் ஒரு பழைய துணியைச் சுருட்டி வை, அப்போது கூடத்துச் சூடு வீணாகாது. சன்னலை மறைத்து மட்டும் அடுக்காதே. அது எதற்கு என்று கேட்காதே, அப்படியே விட்டுவிடு.

அழுகிறதானால் லொறி வந்து போன பிறகு அழு, அதற்கு முன் வேலையைப் பார். உமாபதி தம்பியோடு இதில் சண்டை பிடிக்காதே, அவர் நல்ல மனுசன். சின்னவளுக்குத் தமிழில் பத்து வரை எண்ணத் தெரியும் என்று எழுதியிருந்தாய், மூடை இறக்கும்போது அவளை எண்ணச் சொல்லு, பத்துப் பத்தாக எண்ணினாலும் கணக்குச் சரியாக வரும். நல்லூரான் உங்கள் மூவரையும் எந்தக் குளிரிலும் கைவிடாமல் பார்க்கட்டும். அம்மாவுக்கு எழுதினால் கால் விரலைப் பற்றித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, வாங்கி அடுக்கியாயிற்று, ஒன்றும் நனையவில்லை என்று மட்டும் எழுது. அவவுக்கு அது காணும்.

கடைசியாக ஒன்று, மறக்க வேண்டாம். அம்மாவுக்கென்று நீ வாங்கி வைத்திருக்கிற தடித்த போர்வையை அந்த அறையிலேயே விட்டுவிடாதே, மரத்தூள் படியும். வெளியே எடுத்துச் சின்னவளுக்குப் போர்த்திவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. ஆனந்தராசா